25 மெஷினில் ஓடிய கம்பெனி 80 மெஷினில் ஏன் திணறுகிறது: பனியன் கம்பெனி முதலாளிக்கு, அறிகுறி வாரியாக

திருப்பூரில் 20, 25 மெஷின் வைத்து ஓட்டுகிற பனியன் கம்பெனிக்கு நிர்வாகம் என்று தனியாக ஒன்று தேவைப்படுவதில்லை. முதலாளி கட்டிங் டேபிள் ஓரமாக நின்றாலே கடைசி செக்கிங் மேஜை வரை கண்ணுக்குத் தெரியும். யார் வரவில்லை, எந்த மெஷின் நிற்கிறது, எந்தப் பண்டல் தேங்கிக் கிடக்கிறது என்பதையெல்லாம் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆர்டர் கூடி, மாடியில் இரண்டு லைன் (தையல் மெஷின் வரிசை) போட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு ஷெட்டும் பிடித்த பிறகு அந்தப் பார்வை எட்டாமல் போகிறது. மெஷினை வங்கிக் கடனில் எடுத்துவிடலாம். எட்டாத இடத்தில் உங்களுக்குப் பதிலாகப் பார்க்கிற ஆளை அப்படி எடுக்க முடியாது.

கீழே உள்ளவை அந்தக் கட்டத்தில் ஆட்கள் பக்கம் வரும் கோளாறுகள். உங்கள் கம்பெனிக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். இரண்டு மூன்று பொருந்தினால் மேலே இருப்பதை முதலில் எடுங்கள். கீழே உள்ள பலவும் மேலே உள்ளதால் வருபவை.

கை வைப்பதற்கு முன் மூன்று கணக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 4 வாரம் லைன் வாரியாக ஒவ்வொரு நாளும் இறங்கிய பீஸ். கடந்த 3 மாதத்தில் சேர்ந்தவர்களும் நின்றவர்களும், தேதியோடும் லைனோடும். கடைசியாகத் தாமதமான 5 ஷிப்மென்ட்டின் தேதிகள். இந்த மூன்றும் கையில் இல்லாமல் உட்கார்ந்தால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்: "இப்பல்லாம் ஆளே சரியில்லைங்க." அது உண்மையாகவே இருந்தாலும், அதை வைத்து நாளைக் காலையில் செய்ய ஒன்றும் இல்லை.

"நான் இல்லாத நாளில் வேலை நடப்பதில்லை"

சோதிப்பது எளிது. நீங்கள் பையரை (ஆர்டர் தருபவரை) பார்க்க வெளியூர் போன நாளின் பீஸ் கணக்கை முன்பின் நாட்களோடு வைத்துப் பாருங்கள். கொஞ்சம் குறைந்தால் விட்டுவிடலாம். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் இதுதான் கோளாறு. பீஸ் குறையவில்லை, ஆனால் அன்றைக்கு மட்டும் கம்பெனியிலிருந்து முப்பது போன் வந்தது என்றாலும் இதேதான்.

ஆட்களுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்பது இதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம். முன்னொரு நாள் யாரோ ஒருவர் தானாக ஒரு முடிவு எடுத்து, அது தப்பாகி, லைனுக்கு நடுவில் நின்று திட்டு வாங்கியிருப்பார். பார்த்தவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கே பாடம் படித்துவிட்டார்கள். கேட்டுவிட்டுக் காத்திருந்தால் திட்டு விழாது. மெஷின் ஒரு மணி நேரம் நின்றாலும் அந்தக் காசு அவர்களுடையது அல்ல.

சரிசெய்ய ஆறு நாள் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் சனி வரை யார் எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். பதிலை வழக்கம்போலவே சொல்லுங்கள், எதையும் மாற்ற வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, பதில் எப்போதும் ஒன்றேயாக இருப்பவை. "நூல் கோன் தீர்ந்துபோச்சு, எடுக்கட்டுங்களா?" "ஊசி ஒடஞ்சிருச்சு, மாத்தட்டுமா?" நோட்டில் பாதிக்கு மேல் இவைதான் இருக்கும். இவற்றுக்கு அனுமதி தேவையில்லை, பதிவு போதும். ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, உடைந்த ஊசி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் புது ஊசி வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு முறை சொன்னால் முடிந்தது. ஏற்றுமதி பையர்கள் அந்த ரிஜிஸ்டரை எப்படியும் கேட்பார்கள்.

இரண்டாவது வகைதான் கவனமாகச் செய்ய வேண்டியது. இவற்றுக்குப் பதில் ஒரு எல்லையைப் பொறுத்தது. உதாரணமாக, "ஷேடு கொஞ்சம் மாறுது, வெட்டலாங்களா?" இதற்கு நீங்கள்தான் ஓடி வந்து துணியைப் பிடித்துப் பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் கண்ணில் இருப்பதை ஒரு அட்டைக்கு மாற்ற வேண்டும். பையர் ஒப்புக்கொண்ட துணியிலிருந்து ஒரு துண்டு நடுவில். நீங்கள் ஒத்துக்கொள்ளும் மிக வெளிறிய துண்டு இடப்பக்கம், மிக அடர்ந்த துண்டு வலப்பக்கம். மூன்றிலும் உங்கள் கையெழுத்து, தேதி. கட்டிங் மாஸ்டர் ரோலைப் பிரித்ததும் லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில்) வைத்துப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் வெட்டலாம், வெளியே போனால் ரோலைத் தனியே ஒதுக்கிவிட்டுப் போன் செய்யலாம். பணத்துக்கும் இதே முறை. கேட்காமல் செலவழிக்க சூப்பர்வைசருக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய், புரொடக்ஷன் மேனேஜருக்கு 5,000 ரூபாய், பில் அன்று மாலையே அக்கவுண்ட்ஸுக்கு. லீவுக்கும் அப்படியே: ஒரு லைனில் ஒரு நாளைக்கு இரண்டு பேர் வரை சூப்பர்வைசரே கொடுக்கலாம், மூன்றாவது ஆளுக்கு மேனேஜர்.

மூன்றாவது வகை நிஜமாகவே உங்களுடையவை. பையரோடு விலை, புது டையிங் (சாயப் பட்டறை), யாரை வேலையை விட்டு நிறுத்துவது. நோட்டில் இவை பத்து வரியைத் தாண்டினால் ஆச்சரியம்.

இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் கவிழும். முதல் மாதத்திலேயே யாராவது எல்லைக்குள் நின்று எடுத்த முடிவு தப்பாகும், இரண்டு ரோல் வீணாகும். அப்போது கத்தினால் நோட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து எழுத வேண்டியதுதான். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு எல்லையை மாற்றுங்கள், அட்டையில் வேறு துண்டு வையுங்கள். இரண்டாவது, பழைய டெய்லர் ஒருவர் சூப்பர்வைசரைத் தாண்டி நேராக உங்களிடம் வருவார். பழக்கத்தில் பதில் சொல்லிவிடுவீர்கள். சொல்லக் கூடாது. "சூப்பர்வைசர் என்ன சொன்னாருங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு வாரத்தில் வருவது நின்றுவிடும்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் போனை அணைத்துவிட்டு வெளியே இருங்கள். அது தாங்கினால் அடுத்த மாதம் மூன்று நாள்.

"நல்ல டெய்லரை சூப்பர்வைசர் ஆக்கினேன், லைன் படுத்துவிட்டது"

இதில் ஒரே அடியில் இரண்டு நஷ்டம். இருந்ததிலேயே நல்ல பேட்லாக் (ஓரம் மடித்துத் தைக்கும் மெஷின்) டெய்லர் மெஷினிலிருந்து எழுந்துவிட்டார், எழுந்தவருக்குப் புது வேலை தெரியவில்லை.

ஒரு நாள் முழுக்க அவரைக் கவனியுங்கள். எத்தனை நிமிடம் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால், எங்கே தேங்கினாலும் அவரே உட்கார்ந்து அடித்துத் தள்ளுகிறார் என்று பொருள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அவர் குனிந்து அடிக்கிற நேரத்தில் லைனை யாரும் பார்க்கவில்லை. மாலையில் அவர்தான் எல்லோரையும்விடக் களைத்திருப்பார், லைன் கணக்கும் குறைந்திருக்கும்.

அடுத்து அவருடைய சம்பளத்தைப் பாருங்கள். பீஸ் ரேட்டில் (தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) கடைசி மூன்று மாதம் சராசரியாக எவ்வளவு எடுத்தார், இப்போது மாதச் சம்பளம் எவ்வளவு? பல கம்பெனிகளில் இப்போது வாங்குவதுதான் குறைவு. பதவி பெரிது, வீட்டுக்குக் கொண்டுபோவது சிறிது. மனுஷன் மனதுக்குள் ஏற்கெனவே மெஷினுக்குத் திரும்பிவிட்டார். சராசரிக்கு மேல் பத்து சதவீதமாவது வைத்துத்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.

பிறகு மூன்று மாதச் சோதனைக் காலம், இரு பக்கமும் வெளிப்படையாக. பிடிக்கவில்லை என்றால் பழைய மெஷின், பழைய ரேட், லைனில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவர் பயமில்லாமல் முயற்சி செய்வார். அந்த வழியை அடைத்து வைத்த கம்பெனிகளில், சரிப்படாத சூப்பர்வைசர் மெஷினுக்குத் திரும்பாமல் எதிர்க் கம்பெனிக்குப் போகிறார். உங்களுக்கு அங்கும் ஆள் இல்லை, இங்கும் ஆள் இல்லை.

கற்றுக்கொடுக்க வேண்டியது முதலில் மூன்றுதான். மணிக்கணக்குப் பலகை எழுதுவது. புது ஸ்டைல் ஏறும்போது ஒவ்வொரு ஆபரேஷனிலும் (தையல் கட்டத்திலும்) முதல் பீஸைக் கையில் எடுத்துப் பார்த்து ஒப்புவது. நேற்று வராதவரிடம் இன்று காலை பேசுவது. மூன்றாவதற்குப் பெரிய பேச்சு வேண்டாம். "நேத்து வரலைங்களே, வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களா?" போதும். "ஏன்டா வரல" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை வராதவர் அதற்கடுத்த நாளும் வரமாட்டார்.

மணிக்கணக்குப் பலகை என்றால் லைன் முனையில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் நான்கு கட்டம்: மணி, இலக்கு, இறங்கியது, குறைந்ததற்குக் காரணம். நான்காவது கட்டம்தான் முக்கியம், அதைத்தான் காலியாக விடுவார்கள். காலை 8.30க்குத் தொடங்கும் லைனில் 9.30க்கு 80க்குப் பதில் 52 என்று எழுதி, பக்கத்தில் "ரிப் வரல 20 நிமிசம்" (ரிப் என்பது கழுத்துப் பட்டித் துணி) என்று இருந்தால், அது சூப்பர்வைசர் மேல் விழும் குற்றம் அல்ல, ஸ்டோருக்குப் போக வேண்டிய செய்தி. பலகையைப் பார்த்துவிட்டு நீங்கள் முதலில் எங்கே நடக்கிறீர்கள் என்பதை லைன் முழுவதும் கவனிக்கும். ஸ்டோர் பக்கம் நடந்தால் நாளைக்கும் காரணம் எழுதுவார்கள். சூப்பர்வைசர் பக்கம் நடந்தால் நாளை அந்தக் கட்டத்தில் "ஓகே" என்று இருக்கும்.

ஒருவருக்கு 20 முதல் 25 பேர் வரை போதும். 40 பேரை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

"மெஷின் இரண்டு மடங்கு, பீஸ் ஒன்றரை மடங்கு"

இதைக் கணக்கில்தான் பிடிக்க வேண்டும். ஒரு டி-ஷர்ட்டின் எல்லா ஆபரேஷனும் சேர்ந்து 8 நிமிடம் என்று வையுங்கள். இதைத்தான் எஸ்ஏஎம் என்கிறோம். 24 பேர், 480 நிமிடம்: 24 × 480 ÷ 8 = 1,440 பீஸ். இது நூறு சதவீதம். நீங்கள் எடுத்தது 650 என்றால் 45 சதவீதம். மெஷினை இரட்டிப்பாக்கி 48 பேர் உட்கார்ந்த பிறகு நூறு சதவீதம் 2,880. எடுப்பது 980 என்றால் 34 சதவீதம். பீஸ் கூடியதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்கள், ஒரு பீஸுக்கு ஆகும் கூலி ஏறிக்கொண்டிருக்கிறது.

காரணம் தேடப் பத்து நாள் ஆலோசகர் தேவையில்லை. போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். ஒவ்வொரு ஆபரேஷனிலும் பத்து பீஸுக்கு நேரம் எடுத்துப் பத்தால் வகுங்கள்: தோள் ஜாயிண்ட், கழுத்து ரிப், கை ஜாயிண்ட், சைடு, பாட்டம் பேட்லாக். 8 நிமிடத்தை 24 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 20 வினாடி. கழுத்து ரிப் மட்டும் ஒருவரிடம் 32 வினாடி என்றால் அவர் தலை தூக்காமல் அடித்தாலும் மணிக்கு 112 பீஸ், நாளைக்கு 900. மற்ற 23 பேரும் பறந்தாலும் லைன் 900ஐத் தாண்டாது. இந்த நிலையில் "வேகமா அடிங்க" என்று மைக்கில் சொல்வதால் வருவது டேமேஜ் மட்டும்தான். அந்த ஆபரேஷனில் இன்னொருவரை உட்கார வையுங்கள். அதற்கு ரிப் வைக்கத் தெரிந்தவர் லைனில் இரண்டாவதாக ஒருவர் இருக்க வேண்டும். இங்கேதான் கணக்கு ஆட்கள் பக்கம் திரும்புகிறது.

ஒரு தாளில் இடப்பக்கம் பெயர்கள், மேலே ஆபரேஷன்கள். தெரியாதவருக்குக் காலி, பார்த்துச் செய்வாருக்கு 1, தனியாகச் செய்வாருக்கு 2, கற்றுக்கொடுப்பாருக்கு 3. எந்தப் பத்தியில் ஒரே ஒரு 2 இருக்கிறதோ அந்த ஒருவர் லீவு போட்ட நாளெல்லாம் உங்கள் லைன் நிற்கும். வாரத்துக்கு ஒருவர், ஒரு ஆபரேஷன், தினமும் மாலை கடைசி அரை மணி என்று சொல்லிக்கொடுங்கள். கற்றுக்கொள்ளும் நேரத்துக்கும் கற்றுத்தரும் நேரத்துக்கும் ஷிப்ட் ரேட்டை (நேரக் கணக்கில் கூலியை) கொடுத்துவிடுங்கள். பீஸ் ரேட்டில் இருக்கும் டெய்லர், தன் பீஸை இழந்து பக்கத்துக்காரருக்குச் சொல்லித்தர மாட்டார். அதைச் சுயநலம் என்று பேசுவதில் பொருள் இல்லை.

"புது ஆள் மூன்று வாரம் தாண்டுவதில்லை"

நின்றவர் பட்டியலில் லைன் என்ற பத்தியை முதலில் பாருங்கள். எல்லா லைனிலும் சமமாக நிற்கிறார்கள் என்றால் கோளாறு சம்பள முறையில். ஒரே லைனில் குவிகிறது என்றால் கோளாறு அந்த சூப்பர்வைசரிடம், மேலே இரண்டாவது பகுதிக்குப் போங்கள்.

சம்பள முறையில் முதல் சந்தேகம் முதல் சனிக்கிழமை. புது ஆள் ஓடிவிடக் கூடாது என்று முதல் வாரச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வெளியூரிலிருந்து வந்தவர் அறை வாடகை, மெஸ் காசு கொடுக்க வேண்டிய நாள் அது. கையில் ஒன்றும் விழாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை "டெய்லர் தேவை" போஸ்டர் பார்த்துக்கொண்டு நடப்பார். ஓடாமல் இருக்கச் செய்த ஏற்பாடே ஓட வைக்கிறது. செய்த நாளுக்கு அந்தச் சனிக்கிழமையே கொடுங்கள்.

இரண்டாவது, முதல் நாளே பீஸ் ரேட்டில் போடுவது. புது லைன், புது ஸ்டைல், கை பழகாத மெஷின். பக்கத்தில் இருப்பவர் எடுப்பதில் பாதிகூட வராது. நான்கு வாரம் ஷிப்ட் ரேட்டை உறுதியாக வைத்து, பீஸ் கணக்கு அதைத் தாண்டினால் கூடுதலானதைக் கொடுங்கள்.

மூன்றாவது, பிடித்தம். முழுவதும் அடிப்படைச் சம்பளமாக 12,000 ரூபாய் என்று பேசிச் சேர்த்தவருக்கு இஎஸ்ஐ 0.75 சதவீதம் 90 ரூபாயும், பிஎஃப் 12 சதவீதம் 1,440 ரூபாயும் போகக் கைக்கு வருவது 10,470. இதைச் சேரும் நாளிலேயே தாளில் எழுதிக் காட்டவில்லை என்றால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார். கம்பெனியும் இஎஸ்ஐக்கு 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய் போடுகிறது, மருத்துவமனைச் செலவு அதிலிருந்து என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கார்டைக் கையில் கொடுத்து, எந்த மருந்தகத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னால்தான் அது அவருக்குச் சலுகை. இல்லையென்றால் வெறும் பிடித்தம்.

ஒன்றரை ஷிப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. காலை 8.30 முதல் இரவு 8.30 வரை வேலை வாங்கி ஒன்றரை ஷிப்ட் என்று கணக்கிடுவது ஊர்ப் பழக்கம். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். பையரின் ஆடிட்டில் முதலில் மாட்டுவது இதுதான். அது ஒருபுறம் இருக்க, தினமும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரின் கடைசி மூன்று மணி நேரப் பீஸையும் அதில் வந்த டேமேஜையும் ஒரு வாரம் தனியாக எண்ணிப் பாருங்கள். செகண்ட்ஸாக (குறையுள்ள சரக்காக) திருப்பூர் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகும் மூட்டை எந்த நேரத்தில் தைத்தது என்று தெரிந்துவிடும்.

"ஒரு லைனில் பெண்கள் மட்டும் நிற்கிறார்கள்"

காரணம் கேட்டால் "வீட்ல விடமாட்டேங்கறாங்க" என்பார்கள். மூன்று பேர் ஒரே லைனிலிருந்து ஒரே காரணம் சொன்னால் அந்தப் பதிலை நம்பாதீர்கள். டாய்லெட் பூட்டு, இரவு வண்டி எங்கே இறக்கிவிடுகிறது, சூப்பர்வைசர் அல்லது மெக்கானிக்கின் பேச்சும் கையும்: இவற்றை ஒரு பெண் ஊழியரை வைத்து, கம்பெனிக்கு வெளியே, நின்றுவிட்டவர்களிடம் விசாரியுங்கள். உள்ளே இருப்பவர்கள் சொல்ல மாட்டார்கள்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு கட்டாயம். மூத்த பெண் ஊழியர் தலைமை, குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இது. விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதுவரை இடம் மாற்ற வேண்டியிருந்தால், புகார் கொடுத்த பெண் கேட்காமல் அவரை வேறு லைனுக்குத் தள்ளாதீர்கள். புகாருக்கு ஆளானவரைப் பற்றி "நல்ல வேலைக்காரர், விட்டுட முடியாது" என்று முதலாளி சொன்ன மறுநாள் அந்தச் செய்தி ஹாஸ்டல் முழுக்கப் பரவியிருக்கும்.

"பதினைந்து பேர் ஒரே நாளில் போய்விட்டார்கள்"

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களை ஒரு ஏஜென்ட் மூலம் எடுத்து, அவர் வழியாகவே சம்பளம் கொடுத்து, அவர் வழியாகவே பேசினால் அவர்கள் உங்கள் ஆட்கள் அல்ல, அவருடைய ஆட்கள். தலைக்குக் கொஞ்சம் அதிகமாக வேறு கம்பெனி கொடுத்தால் லைனோடு எழுந்துவிடுவார்கள்.

சம்பளம் ஒவ்வொருவர் வங்கிக் கணக்குக்கும் நேராகப் போகட்டும். கணக்கு இல்லாதவருக்கு முதல் வேலை அதைத் திறந்து கொடுப்பது. அவர்களிலேயே லைன் வேலை தெரிந்த ஒருவரை உதவி சூப்பர்வைசராக எடுங்கள். அவர் ஏஜென்ட்டின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. மொழிச் சிக்கலுக்குப் பாதி மருந்து சுவரில் இருக்கிறது: சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் மூன்று, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு வட்டம், பக்கத்தில் அளவு எண்ணில். எழுத்தே வேண்டாம். தமிழ் டெய்லருக்கும் அது உதவும்.

"பண்டிகைக்குப் போனவர்கள் திரும்பவில்லை"

தீபாவளிக்கு மட்டும் திட்டம் போடும் கம்பெனியில் ஜூன் மாதம் லைன் காலியாகும். ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை, மேற்கு ஒடிசாவுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் நுவாகாய், பீகார்க்காரர்களுக்குத் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை. நம்மவர்களுக்குத் தீபாவளி, பொங்கல், ஊர்க் கோயில் நோன்பு. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு காலண்டரில் இவற்றைக் குறித்து, அந்த வாரங்களில் ஷிப்மென்ட் விழாதபடி மெர்ச்சண்டைசர் (பையரோடு ஆர்டரைப் பேசி நடத்துபவர்) தேதி வாங்க வேண்டும். தேதி ஒப்புக்கொண்ட பிறகு டெய்லரைக் கெஞ்சுவது வீண்.

போனஸில் ஒரு பொறி இருக்கிறது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது சட்டம் தரும் உரிமை. அதில் பாதியைத் "திரும்பி வந்தா தர்றேன்" என்று பிடித்து வைக்கிறவர்கள் உண்டு. சட்டத்துக்கும் புறம்பு, பலனும் இல்லை. முழு போனஸையும் கொடுத்துவிட்டு, குறித்த தேதிக்குள் திரும்புபவருக்கு வரும் டிக்கெட் காசைத் தனியாக அறிவியுங்கள். அது உங்கள் விருப்பத்தில் கொடுப்பது, அதற்கு நிபந்தனை வைக்கலாம்.

திங்கட்கிழமை காலியாக இருப்பது வேறு வியாதி. சனி இரவு எத்தனை மணிக்கு விட்டீர்கள், ஞாயிறு பாதி நாள் ஓட்டினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

"கெட்ட செய்தி கடைசி நாளில்தான் என் காதுக்கு வருகிறது"

தாமதமான அந்த 5 ஷிப்மென்ட்டை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதி: கம்பெனியில் முதலில் ஒருவருக்குத் தெரிந்த நாள், உங்களுக்குத் தெரிந்த நாள். டையிங்கில் துணி நிற்பது மெர்ச்சண்டைசருக்கு 3ஆம் தேதி தெரியும், உங்களுக்கு 14ஆம் தேதி. அந்தப் பதினொரு நாள் கையில் இருந்திருந்தால் கப்பலில் போயிருக்கும், இப்போது சொந்தக் காசில் விமானத்தில் போகிறது.

தினமும் காலை 9 மணிக்குப் பத்து நிமிடம், நின்றுகொண்டே, மூன்று கேள்வி. எந்த ஆர்டர் தேதி தாண்டும் போலிருக்கிறது? எது வர வேண்டியது வரவில்லை? யாரிடமிருந்து என்ன உதவி வேண்டும்? முதல் வாரம் எல்லோரும் "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ ஒருவர் வாய் திறப்பார். அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்தான் இந்த மீட்டிங்கின் ஆயுள். "இப்ப என்ன பண்ணலாம்?" என்றால் நீடிக்கும். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றால் பதினொன்றாம் நாளிலிருந்து மறுபடியும் "ஒண்ணும் இல்லைங்க."

"அண்ணன் ஒன்று சொல்கிறார், தம்பி ஒன்று சொல்கிறார்"

குடும்பக் கம்பெனியில் இதைச் சொல்ல வெளியாளுக்குத் தைரியம் வராது. ஆட்களுக்கு மட்டும் இது நன்றாகத் தெரியும். லீவு வேண்டுமென்றால் தம்பியிடம், அட்வான்ஸ் வேண்டுமென்றால் அண்ணனிடம். சோதனை: ஒரு மாத அட்வான்ஸ் சீட்டுகளை எடுத்து யார் கையெழுத்து என்று பிரியுங்கள். ஒரே ஆள் இரண்டு பேரிடமும் வாங்கியிருந்தால் விஷயம் தெளிவு.

துறையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பையர், துணி, பணம் ஒருவருக்கு, தையல் தளமும் ஆட்களும் மற்றவருக்கு. அட்வான்ஸுக்கு ஒரே கையெழுத்து, அதற்கும் ஒரு உச்சவரம்பு, பிடித்தம் வாரத்துக்கு எவ்வளவு என்று சீட்டிலேயே. கருத்து வேறுபாடு வந்தால் ஆபீஸ் அறைக்குள். லைனில் ஒருவர் சொன்னதை மற்றவர் அன்றைக்கு மாற்றக் கூடாது, தப்பாகவே இருந்தாலும்.

"வெளியிலிருந்து எடுத்த மேனேஜர் ஆறு மாதம் நிற்பதில்லை"

இரண்டாவது ஆளும் போய்விட்டார் என்றால் மூன்றாவது ஆளைத் தேடுவதை நிறுத்துங்கள். கட்டிங் மாஸ்டர் உங்களோடு பதினைந்து வருடம் இருப்பவர். மேனேஜர் சொன்னது பிடிக்காவிட்டால் சாயங்காலம் டீ குடிக்கும்போது உங்களிடம் சொல்வார், காலையில் அது மாறியிருக்கும். மேனேஜருக்கு அது மூன்றாவது வாரமே புரிந்துவிடும்.

புது ஆள் சேரும் முன் கட்டிங் மாஸ்டர், செக்கிங் தலைவர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அவர்கள் சம்பளம், மரியாதை, எதுவும் குறையாது, ஆனால் தினசரித் திட்டம் இனி மேனேஜர் கையில் என்று முகத்துக்கு நேராக. முடிந்தால் தேர்வின்போதே அவர்களையும் உட்கார வையுங்கள், தாங்கள் கூடச் சேர்ந்து எடுத்த ஆளை அவ்வளவு எளிதில் தள்ள மாட்டார்கள். முதல் மாதம் மேனேஜர் எதையும் மாற்ற வேண்டாம், ஆறு நாள் நோட்டை அவரும் எழுதட்டும். சாயங்கால டீயை மூன்று பேராகக் குடியுங்கள்.